வெயிலில் மட்டும் ஓடிய வைப்பர்

காய்ந்த கண்ணாடியின்மேல் ரப்பர் இழுபடும்போது வரும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். அந்தக் "கிறீச்" சத்தத்தைப் போன ஒரு வாரத்தில் நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே கணக்கு இல்லை. என் மகள் நித்யாவின் காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, ஒரு சொட்டு மழையில்லாத வெயிலில் வைப்பரை ஓடவிட்டுப் பார்ப்பேன். ஓடும். உள்ளே போய்ச் சோறு வடித்துவிட்டு வந்து மறுபடி போடுவேன். அப்போதும் ஓடும். எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னா டீச்சர், வெயில்ல கண்ணாடியத் தொடச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

நித்யா கல்வராயன் மலையில் கால்நடை மருத்துவராக இருக்கிறாள். கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலையில் தானே கார் ஓட்டிக்கொண்டு மலையேறி, மாலையில் இறங்கி வருவாள். போன வியாழக்கிழமை இறங்கும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. வளைவுகளுக்கு நடுவில், ஓட்டுகிறவள் பக்கத்து வைப்பர் பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஒன்றும் தெரியாமல் அவள் வண்டியை ஓரம்கட்டுவதற்குள் எதிரே வந்த பேருந்து ஒரு முழ இடைவெளியில் உரசாமல் போயிருக்கிறது. இதை என் மகள் எனக்குச் சொல்லவில்லை. கூட வந்த பெண் உதவியாளர் மறுநாள் காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா தெய்வாதீனமா பொழச்சாங்க" என்று சொல்லித்தான் தெரியும். கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றே சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். சமவெளிக்கு மாற்றல் கேள், கேட்கும்வரை கார் நகராது என்றேன். அவள் அடுத்த நாளிலிருந்து பேருந்தில் போய்வர ஆரம்பித்தாள். பேருந்து போகாத ஊரில் ஈற்றுக்குத் தவிக்கும் மாட்டை அவள் எப்படிப் போய்ப் பார்ப்பாள் என்று நானும் கேட்கவில்லை. நான் காரை ஒரு பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். குளிரூட்டிய அறையில் என்னை உட்காரவைத்து, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த மெக்கானிக் பிள்ளை மிகவும் மரியாதையாக, "வண்டியில ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் அவன்மேல் வந்தது இல்லை. அது நாற்பது வருடத்துப் பழைய ஆத்திரம்.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் அப்பா மாணிக்கம் ஒரு வாடகைக் கார் ஓட்டினார். யாரோ ஓட்டித் தேய்ந்து, இன்னும் யாரோ ஓட்டித் தேய்ந்து, பிறகு அவர் கைக்கு வந்த கறுப்பு நிறக் குண்டுக் கார். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே, நிழலுக்கு ஒரு புங்கமரம் இருந்த இடத்தில், நாலைந்து வாடகைக் கார்களோடு அதுவும் நிற்கும். மலைக்குப் போக மற்றவர்கள் தயங்குவார்கள்; அப்பா போவார். மலைமேல் வேலை பார்த்த ஆசிரியர்கள், கடுக்காயும் புளியும் வாங்கப் போகும் வியாபாரிகள், வெள்ளிமலையில் உறவுக்காரர் கல்யாணம் வைத்திருக்கும் குடும்பங்கள் என்று அவருக்கென்று ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் அவரை "டிரைவர் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அப்பாவின் சொந்த ஊர் தியாகதுருகம் பக்கம். அங்கே பெரியப்பா பொறுப்பில் நிலம் இருந்தது, கரும்பு இருந்தது. அப்பாவும் அதில் பங்குள்ளவர்தான். ஆனால் பெரியப்பாவுக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அந்த வயலில் அப்பாவுக்கு ஒரே பெயர், "டேய்." மடை திறக்க "டேய்", மாடு கட்ட "டேய்", கல்யாணமாகி நான் பிறந்த பிறகும் கூலியாட்கள் முன்னால் "டேய்". அதைப் பொறுக்க முடியாமல்தான் அவர் காரோட்டக் கற்றுக்கொண்டு நகரத்துக்கு வந்தார். கார் இருக்கும்வரை அவர் அண்ணன். கார் போய்விட்டால் மறுபடி "டேய்". இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி இழுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டியாயிற்று. சாமந்தி மாலையைக் கட்டும் வேலை என்னுடையது. "காத்துல வுழாம கட்டு பாப்பா, நாளைக்கி மலைக்கிப் போறேன்" என்றார் அப்பா. விழாமல் கட்டுவதென்றால் எதில் கட்டுவது? வைப்பரில்தான். இரண்டு வைப்பர் கைகளின் அடியிலும் வாழைநாரைச் சுற்றிச் சுற்றி, நாலு முடிச்சு போட்டுப் பல்லால் இழுத்து இறுக்கினேன். மாலை மலைக்குப் போய் வந்தும் அசையவில்லை. அப்பா என் முதுகில் தட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சாமிக்குப் போட்ட மாலையைக் கத்தியால் அறுக்கக்கூடாது. முடிச்சை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றாம் நாள் அம்மா என்னை அனுப்பினார். பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன், நகம் வலித்தது, வரவில்லை. வெளியே விளையாடப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். தொங்கிய நாரை மட்டும் பிய்த்தெறிந்துவிட்டு, மீதியைத் தென்னை ஈர்க்கால் வைப்பர் கையின் அடியில் இருந்த இடுக்குக்குள் குத்திக் குத்தித் தள்ளினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "எடுத்துட்டியா?" என்று அம்மா கேட்டார். "எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அந்த வாரமே மழை ஆரம்பித்தது. மலையிலிருந்து இறங்கும்போது அரைமணி நேரம் ஒழுங்காக ஓடிய வைப்பர் இரண்டும், மோட்டார் உறுமிக்கொண்டே இருக்க, மெதுவாகி, முனகி, நின்றுவிட்டன. அப்பா தலைக்குத் துண்டு கட்டி, பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டி வந்து சேர்ந்தார். காலையில் நல்ல வெயில். பேருந்து நிலையத்துக்குப் போய் வைப்பரைப் போட்டார். கைதட்டுகிற மாதிரி இரண்டும் ஓடின.

வண்டியில் கோளாறு என்றால் அன்றைக்கெல்லாம் அது ஊர்ச்சொத்து. டீக்கடைக்காரர் ரப்பர் காய்ந்துவிட்டது என்றார். பஞ்சர் ஒட்டுகிறவர் பேட்டரி "வீக்கு" என்றார். அங்கே டீ குடிக்க நின்ற லாரிக்காரர் ஒருவர், வைப்பரே வேண்டாம், புகையிலையைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியில் தேய்த்தால் மழைநீர் நிற்காமல் வழியும் என்று சொல்லித் தானே தேய்த்தும் காட்டினார். அது நிஜமாகவே கொஞ்சம் வேலை செய்தது. ஆனால் மலைமழைக்கு இரண்டு வளைவு தாண்டுவதற்குள் கழுவிக்கொண்டு போய்விடும். காருக்குள் ஏறுகிறவர்கள் வேறு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அப்பா எல்லாருடைய பேச்சையும் கேட்டார். ரப்பரை மாற்றினார், பேட்டரியைச் சார்ஜ் போட்டார், எலக்ட்ரீஷியனிடம் போய் ஒயரை மாற்றினார், பியூஸை மாற்றினார். ஒவ்வொன்றையும் மாற்றி முடித்ததும் வைப்பரைப் போட்டுப் பார்ப்பார், அது ஓடும், மாற்றியவர் "நான் சொல்லல?" என்பார். அடுத்த மழையில் நிற்கும்.

இதில் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது, நான் ஒரு பள்ளியில் இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் இருக்கலாம், ஒருவர்கூட அப்பாவிடம், "அண்ணே, மழ ஆரம்பிச்சி எவ்ளோ நேரங் கழிச்சி நிக்குது?" என்று கேட்கவில்லை என்பதுதான். எல்லாரும் கேள்விக்கு முன்னால் பதிலோடு வந்தார்கள்.

அப்படி ஒரு தடவை நின்றபோது காரில் ஒரு கல்யாணக் கோஷ்டி இருந்தது. மரத்தடியில் இரண்டு மணி நேரம் மழை விடக் காத்திருந்து, அவர்கள் பிடிக்க வேண்டிய பேருந்தைத் தவறவிட்டார்கள். பேச்சு ஊருக்குள் பரவி, தியாகதுருகம் வரைக்கும் போனது. பெரியப்பா சந்தை நாளன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரைச் செருப்புக்காலால் தட்டிவிட்டு, "டேய், மல ஒனக்கு ஒத்துக்கலடா. கரும்பு வெட்டுக்கு ஆளு கம்மி. வண்டிய வித்துட்டு வூட்டுக்கு வா" என்றார். அப்பா, "வைப்பரு தாண்ணே, சரி பண்ணிடுவேன்" என்றார். "கண்ணு தெரியாம மலையில ஓட்றதுக்குப் பேரு பொழப்பாடா?" என்று பெரியப்பா கேட்டது கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்கு அது சரியாகப் போய்ச் சேர்ந்தது.

அம்மா சண்டை போடுகிறவர் இல்லை. மழை வந்தால் தெருக்கோடி வரை போய் நின்று மலைப்பக்கம் பார்ப்பார். கார் வந்ததும் ஒன்றும் நடக்காதது போல உள்ளே வந்துவிடுவார். அன்று பெரியப்பா போன பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏங்க, இன்னொரு தபா மலையில அது நின்னுச்சின்னா வித்துடணும். எம்மேல சத்தியம் பண்ணுங்க" என்றார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பண்ணுங்க." பண்ணினார்.

மறுநாளே காதர் பாயிடம் போனார். பாய்க்குத் தியாகதுருகம் ரோட்டில் கொட்டகை. மலைக்குப் போகும் வண்டிகளெல்லாம் அவரிடம்தான் வரும். நானும் கூடப் போயிருந்தேன். பாய் வைப்பரைப் போட்டுப் பார்த்தார், ஓடியது. வேகம் கூட்டினார், ஓடியது. இறங்கி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "வண்டியில ஒண்ணும் இல்லண்ணே" என்றார்.

"மழையில நிக்குது பாய்."

"மழையில நிக்குதுன்னா மழையில கொண்டாங்க. ஜொரம் வுட்டப்புறம் வந்து கைய நீட்டினா நான் இன்னா ஊசி போட்றது?"

அப்பா பிடிவாதமாகக் காரை அங்கேயே விட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தார். மூன்று நாள். மேகம் கூடும், பாய் எழுந்து கை கழுவிக்கொண்டு வருவார், மேகம் கலையும். கச்சிராயபாளையம் பேருந்திலிருந்து நனைந்து இறங்குகிறவர்கள், "அங்க கொட்டிக்கினு இருக்குது" என்பார்கள். எங்களுக்குத் தூறல்கூட இல்லை. பாய் பொறுமை இழந்து மோட்டாரையே உள்ளிருந்து கழற்றிப் பிரித்து, துடைத்து, கிரீஸ் வைத்து, கேபிளை உருவிப் பார்த்து மறுபடி மாட்டினார். கடைசியில், "தண்ணி தானே ஓணும்?" என்று நாலு குடம் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றச் சொன்னார். அப்பா ஊற்றினார், வைப்பர் ஓடியது. இன்னும் இரண்டு குடம் ஊற்றினார், ஓடியது.

"ஒங்க வண்டிக்கு மழைன்னா பயம்ண்ணே, அவ்ளோதான். தாயத்து கட்டுங்க" என்று சொல்லிப் பாய் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆறு குடம் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் வழிந்துவிடும். நார் ஊறி இறுகுவதற்கு அரைமணி நேரமாவது மழை வேண்டும். உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானையும் கழற்றிப் பார்த்த பாய், வெளியே இருந்த வைப்பர் கையைத் தூக்கி அதன் அடியைப் பார்க்கவில்லை. அங்கே கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும், அதனால். நான் நாரை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைவிருந்தது. ஆனால் ஒரு துண்டு நாருக்கும் அவ்வளவு பெரிய காருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று பத்து வயதில் தோன்றவில்லை. மாலை கட்டியது யார் என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை.

தீபாவளிக்கு முன்தினம் பள்ளி விடுமுறை. மலைமேல் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வானம் வெளுத்திருந்ததால் அப்பா என்னையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். போகும்போது கோமுகி அணை தெரியும் இடத்தில் நிறுத்திக் காட்டினார். இறங்கும்போது மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆசிரியர் பின்னாலிருந்து, "வைப்பர் போடுங்க டிரைவர்" என்றார். அப்பா போட்டார். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். நானூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். அதன்பிறகுதான் மோட்டார் உறுமியது.

நடுரோட்டில் நிறுத்த இடமில்லை. பின்னால் ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரி ஒலியெழுப்பிக்கொண்டே வந்தது. அப்பா வலப்பக்கம் தலையை வெளியே விட்டார். நான் இடப்பக்கம் எட்டி, அம்மாவின் பழைய சேலைத் துண்டால் என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். துடைத்த கை மேலே போவதற்குள் கீழே மூடிக்கொண்டது. "நான் அப்பவே சொன்னேன், காலையிலயே கெளம்பலாம்னு" என்று ஆசிரியரின் மனைவி சொல்ல, "இப்ப அதயா பேசறது, சாமிய கும்புடு" என்று ஆசிரியர் சொல்ல, லாரிக்கு வழிவிடுவதற்காக அப்பா கத்தினார்: "பாப்பா, ஒம் பக்கம் எடம் இருக்குதா?"

பார்த்தேன். செம்மண் தண்ணீர் ரோட்டுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தது. "இருக்குதுப்பா!"

அது வடிகால். முன்சக்கரம் இறங்கி, கார் மலைச்சரிவில் சாய்ந்து நின்றது. பள்ளத்துப் பக்கமாக இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. யாருக்கும் அடியில்லை; ஒரு விளக்கு உடைந்தது, ஆசிரியர் ஊருக்குக் கொண்டுபோன தேன் பாட்டில் உடைந்து எங்கள் நான்கு பேர்மேலும் வழிந்தது. அவ்வளவு மழையில் நின்றும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை. லாரிக்காரர்தான் கயிறு போட்டு இழுத்துவிட்டார். ஆசிரியர் தலையிலிருந்து எறும்பைத் தட்டிக்கொண்டே, "இனிமே நாங்க பஸ்ஸுலயே போய்க்கிறோம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத்தான் முதலில் தடவிப் பார்த்தார், தலை, கை, கால் என்று. எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அப்பாவைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியாயிற்று.

திருநாவலூரிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். அப்பா மறைக்கவில்லை, வைப்பர் மழையில் நிற்கும், காரணம் தெரியவில்லை என்று சொன்னார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைப்பர் கை இரண்டையும் புதிதாகப் போட்டுத் தந்துவிடுங்கள் என்றார். அதற்காகக் காரைப் பாயின் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். விடியற்காலையிலிருந்து தூறல். வேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தபோது வராத மழை அன்றைக்கு வந்தது. பாய் பழைய வைப்பர் கையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினார். வந்தது. குனிந்து பார்த்தார். பிறகு விரலால் எதையோ நிமிண்டி, மெதுவாக, நீளமாக இழுத்தார்.

"இன்னாண்ணே இது... நாரு!"

தண்ணீரில் ஊறிக் கறுத்துப்போன நார், வைப்பர் கையைச் சுழற்றும் சின்னத் தண்டைச் சுற்றிக் கம்பிபோல இறுகியிருந்தது. பாய் பிளேடால் அறுத்தார். மற்றதையும் கழற்றினார், அதிலும் இருந்தது. வைப்பர் கையை மாட்டிச் சாவியைத் திருப்பினார். மழையில், நிற்காமல், சத்தமில்லாமல் ஓடியது. பாய் தலையில் கைவைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். "மோட்டாரப் பிரிச்சேன், கேபிள உருவினேன், இத நான் பாக்கலையே" என்று தனக்குள்ளேயே திட்டிக்கொண்டார்.

அப்பா அறுபட்ட நாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். முடிச்சு அப்படியே இருந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக நாலு. பிறகு என்னைப் பார்த்தார். நான் அழத் தயாராக நின்றேன். அவர் அடித்திருக்கலாம். இன்றைக்கும், அடித்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் நாரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரியாப் போச்சி பாய். அவருக்கு நல்ல வண்டியா போவுது" என்றார்.

"இன்னாண்ணே பேசறீங்க? கோளாறுதான் தெரிஞ்சி போச்சே, விக்கறது எதுக்கு?" என்று பாய் எழுந்து வந்தார்.

"வாக்கு குட்த்துட்டேன் பாய்" என்றார் அப்பா. வாங்க வந்தவருக்குக் கொடுத்த வாக்கையா, அம்மாவுக்குச் செய்த சத்தியத்தையா சொன்னார் என்று பாய் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மோட்டாருதான் போயிருந்துச்சி" என்று சொன்னார். நார் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அன்றும் பிறகும். பொங்கலுக்குள் நாங்கள் தியாகதுருகம் பக்கம் குடிபோய்விட்டோம். அப்பா இறக்கும்வரை அந்த வயலில் "டேய்"தான். தலை முழுக்க நரைத்த மனிதரை அண்ணன் "டேய்" என்று கூப்பிட, அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போவதை என் கல்லூரி விடுமுறைகளில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அவர்மேல்தான் கோபம் வரும். ஒரு வார்த்தை, "நார்தாண்டி, வண்டி நல்லாத்தான் இருக்குது" என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கார் எங்களோடு இருந்திருக்கும் என்று எத்தனையோ வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். பேருந்திலிருந்து இறங்கி வந்த நித்யா சேற்றுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆறு நாளாக அவளைத் திட்டியிருக்கிறேன், அழுதிருக்கிறேன், மாற்றல் விண்ணப்பத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போடும் இடத்தில் புள்ளிகூட வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நேற்றுத்தான் கேட்டேன்.

"அது நின்னப்ப உள்ள மோட்டார் சத்தம் கேட்டுதா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கேட்டுதும்மா. அந்தப் பக்கத்து வைப்பர் ஓடிக்கினுதான் இருந்துது. என் பக்கம் மட்டும் நின்னுபோச்சு."

"எந்த வேகத்துல வச்சிருந்த?"

"மழை ஜாஸ்தியாச்சுன்னு கடைசி வேகத்துக்கு மாத்துனேன். மாத்தினதும்தான்."

மோட்டார் ஓடுகிறது, மற்றது ஓடுகிறது, இது மட்டும் நிற்கிறது என்றால் கோளாறு ஒயரிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை. அவள் பக்கத்து வைப்பர் கையின் அடியில் இருந்த கறுப்பு மூடியை நகத்தால் நெம்பினேன். உள்ளே இருந்த நட்டு விரலாலேயே சுற்றியது. மெதுவாக ஓடும்போது பிடித்துக்கொள்ளும். வேகம் கூடினால் தண்டு மட்டும் சுற்றும், கை நகராது. நான் ஆறு நாளாக ஓடவிட்டுப் பார்த்ததெல்லாம் முதல் வேகத்தில். எதிர்வீட்டிலிருந்து ஸ்பேனர் வாங்கிவந்து இறுக்கினேன். கடைசி வேகத்தில் வைத்து, நித்யா ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்ச, கால்மணி நேரம் ஓடவிட்டோம். நிற்கவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். நிம்மதி வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. இனி எதைச் சொல்லி இவளைத் தடுப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். டயர் தேய்ந்திருக்கிறதா என்று என் கண் கீழே போனது. அந்தக் கணத்தில்தான் அப்பா ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது. சொல்லியிருந்தால் அம்மா அடுத்த மழைக்குள் பிரேக்கைச் சொல்லியிருப்பார், பிறகு அப்பாவின் கண்ணைச் சொல்லியிருப்பார். தெருக்கோடியில் போய் நிற்பதை நிறுத்தியிருக்க மாட்டார். அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

அப்பா காலத்துக் கார்களில் முன்கதவில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி திறக்கும். இப்போது எந்தக் காரிலும் இல்லை. புங்கமரம் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடைகள். பாயின் கொட்டகை நின்ற இடத்தில் ஏதோ அடுக்குமாடி வந்துவிட்டது. நின்றுபோன வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடி ஆளுக்கொன்று சொல்வதும் இல்லை. அன்றைக்குப் பத்துப் பேர் பத்துத் தப்பான காரணம் சொன்னார்கள், இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை என்கிறது. எது தேவலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மலை ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். மழை மட்டும் அதே மூன்று மணிக்குத்தான் வருகிறது.

இன்று காலை சாவியை மேசைமேல் வைத்தேன். நித்யா எடுத்துக்கொண்டாள். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் பையையும் குளிர்பெட்டியையும் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்ட பிறகும் நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாம்மா, இப்ப இன்னா கோளாறு?"

"ஒண்ணும் இல்ல, போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லை என்று உள்ளே விளக்கு எரிந்தது. மறுபடி திறந்து, இந்தத் தடவை அழுத்திச் சாத்தினேன்.